வெடிப்பலா பலா இல்லை: ஒரு மழைக்காட்டு மரத்தை அடையாளம் காண்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறோம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு லிசனர் மெயில் பண்ணியிருந்தாங்க. வால்பாறை போயிட்டு வந்தவங்க. கூடவே ஒரு போட்டோ. காட்டுத் தரையில், ஈர இலைகளுக்கு நடுவுல, முள்ளு முள்ளா ஒரு காய் துண்டு துண்டா பிளந்து கிடக்கு. கேள்வி ஒரே வரிதான்: "இது பலாவா, துரியனா?"

என் பதில்: ரெண்டும் இல்லை, பெரும்பாலும் அது வெடிப்பலா. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதி மழைக்காடுகளில் வளரும் ஒரு பெரிய மரம். அறிவியல் பெயர் கலேனியா எக்ஸாரில்லாட்டா.

"பெரும்பாலும்"னு ஏன் சொல்றேன்? அந்த ஒரு வார்த்தையைப் பத்திதான் இன்னிக்கு எபிசோட். ஒரு மரத்தோட பெயரைச் சொல்றது சுலபம். அந்தப் பெயர் சரின்னு எப்படி நிரூபிப்பது, தப்புன்னா எது அதைக் காட்டிக் கொடுக்கும் என்பதுதான் உண்மையான வேலை. இந்த ஒரு மரத்தை வச்சே அந்த வேலையை முழுசா பார்த்துடலாம்.

மழைக்காட்டில் என்ன சிக்கல்?

நம்ம தெருவுல இருக்கிற மரங்களை நாம பூவை வச்சோ காயை வச்சோதான் அடையாளம் சொல்றோம். மஞ்சளா சரம் சரமா தொங்கினா சரக்கொன்றை. தரையெல்லாம் வெள்ளைப் பூ நீளக் காம்போட விழுந்து கிடந்தா மரமல்லி. மழைக்காட்டில் இந்த வழி சரிப்பட்டு வராது. மூணு காரணம்.

ஒண்ணு, உயரம். இந்தக் காடுகளில் பெரிய மரங்கள் 30 மீட்டருக்கு மேல போகும். பத்து மாடிக் கட்டடத்தோட மொட்டை மாடியில் ஒரு பூ இருக்கு, நீங்க கீழே வாசலில் நிக்கறீங்க. அந்தக் கதைதான்.

ரெண்டு, காலம். பூ வருஷத்தில் சில வாரம்தான் இருக்கும். நீங்க லீவு போட்டுப் போற வாரத்தில் அது பூக்கணும்னு கட்டாயம் இல்லை.

மூணாவதுதான் ரொம்ப சுவாரசியம். வேற வேற குடும்பத்து மரங்கள் ஒரே மாதிரி இலை வச்சிருக்கும். நீள்வட்டம், வழவழப்பு, ஓரத்தில் பல் கிடையாது, நுனி மட்டும் வாலாட்டம் நீண்டிருக்கும். அந்த வால் வழியா மழைத்தண்ணி சீக்கிரம் வடியுதுன்னு ஒரு விளக்கம் உண்டு. காரணம் எதுவா இருந்தாலும் விளைவு ஒண்ணுதான்: இலையோட வடிவத்தை மட்டும் பார்த்தா, அந்தக் காட்டில் பாதி மரம் ஒண்ணு போலவே தெரியும்.

அதனால தாவரவியலாளர்கள் வேற வழி பிடிச்சாங்க. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனத்தில் வேலை செய்த பாஸ்கலும் ரமேஷும் 1987-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளுக்கு ஒரு கள வழிகாட்டி போட்டாங்க. மரங்களையும் பெருங்கொடிகளையும் காட்டுக்குள்ள நின்னுக்கிட்டே கண்டுபிடிக்க உதவும் புத்தகம். இந்த மாதிரி வழிகாட்டிகள் பூவுக்காகக் காத்திருக்காது. எப்பவும் கைக்குக் கிடைக்கிற விஷயங்களைக் கேள்வியாக்கும். கிள்ளினா பால் வருதா, வராதா? இலைகள் எதிரெதிரா இருக்கா, மாறி மாறி இருக்கா? தனி இலையா, கூட்டிலையா?

கோட் எழுதறவங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான வடிவம். இஃப், எல்ஸ், இஃப், எல்ஸ். ஒவ்வொரு கேள்வியும் பட்டியலை வெட்டிக்கிட்டே வரும். ஆனா இதுல கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, ஒவ்வொரு கேள்விக்கும் வேலை விலக்குவதுதான். "இது வெடிப்பலா மாதிரி இருக்கு"ங்கிறது ஒரு அபிப்ராயம். "பால் வரலை, அதனால பலா கிடையாது" என்பது ஒரு முடிவு.

தரையிலிருந்து மேலே

சரி, இப்போ அந்த மரத்துக்கிட்ட போலாம். வரிசை முக்கியம். கீழேயிருந்து ஆரம்பிச்சு மேலே போகணும்.

முதல்ல தரை. மழைக்காட்டில் தரைதான் நமக்கு நூலகம். மேலே நடக்கிறது எல்லாம் கடைசியில் கீழே விழும். வெடிப்பலாவுக்குக் கீழே முள் காயோட ஓடுகள் கிடக்கும். முழுக் காய் உருண்டையா, கையில் பிடிக்கிற அளவுதான் இருக்கும். பலாப்பழம் மாதிரி தூக்க ஆள் வேண்டியதில்லை. முள் கூர்மையா நெருக்கமா இருக்கும். பழுத்ததும் ஓடு துண்டு துண்டா வெடிச்சுப் பிரியும். உள்ளே பளபளன்னு பழுப்பு நிறப் பெரிய விதைகள். 'வெடி' என்ற முன்னொட்டு இதைத்தான் சொல்லுது.

ஆனா ஒரு எச்சரிக்கை. கீழே கிடக்கிற காய் பக்கத்து மரத்தோடதா இருக்கலாம். குரங்கு எடுத்துட்டு வந்து போட்டதா இருக்கலாம். சரிவில் உருண்டு வந்ததா இருக்கலாம். அதனாலதான் அந்த போட்டோவுக்கு "பெரும்பாலும்"னு பதில் சொன்னேன். காய் கிடைச்சதும் வேலை முடியறதில்லை, அங்கேதான் தொடங்குது.

ரெண்டாவது அடிமரம். பெரிய மரமா இருந்தா அடியில் பலகை வேர்கள் இருக்கும், சுவர் மாதிரி பக்கவாட்டில் பரவி நிற்கும். பட்டை சாம்பல் வெள்ளை நிறம். வயசான மரத்தில் செதில் செதிலா உரியும். இது உதவும், ஆனா போதாது. பலகை வேர் அந்தக் காட்டில் பல மரங்களுக்கு உண்டு. பாசியும் மரப்பாசியும் ஏறிட்டா பட்டை நிறமும் ஏமாத்தும்.

மூணாவது இலை. கிளையை ஒடிக்க வேண்டாம். காப்புக்காட்டில் அது சட்டப்படியும் தப்பு. புதுசா விழுந்த சின்னக் கிளையோ இலையோ கிடைச்சா போதும். மேல் பக்கம் பச்சையா வழவழன்னு இருக்கும். திருப்பிப் பாருங்க. அடிப்பக்கம் வெள்ளி நிறத்தில் மின்னும், சிலதில் செம்பு கலந்த ஆரஞ்சு நிறமா இருக்கும். பத்து மடங்கு பெரிசாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. அதை வச்சுப் பார்த்தா தெரியும், அந்த மினுமினுப்பு பெயிண்ட் அடிச்ச மாதிரி ஒரே பரப்பு கிடையாது. குட்டிக் குட்டித் தட்டுகள். ஒவ்வொரு தட்டும் நடுவில் ஒரு காம்பு வச்சு, குடை மாதிரி இலையோட ஒட்டியிருக்கும். இந்தக் குடைச் செதில்கள்தான் இந்த மரத்தோட கையெழுத்து.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. குரோட்டன் பேரினத்தில் சில மரங்களுக்கும் அடிப்பக்கம் வெள்ளியாட்டம் இருக்கும். அக்லேயா மரங்களுக்கும் செதில் உண்டு, ஆனா அதுக்குக் கூட்டிலை. ஒரே காம்பில் பல சிற்றிலைகள் வரும். வெடிப்பலாவுக்குத் தனி இலை, மாறி மாறி, கிளையோட ரெண்டு பக்கமும் ரெண்டு வரிசையா அடுக்கியிருக்கும். ஒரு அடையாளம் தனியா நின்னா சாட்சி. நாலு அடையாளம் சேர்ந்து நின்னாதான் தீர்ப்பு.

நாலாவது பால். இலைக்காம்பை உடைச்சா வெடிப்பலாவில் பால் வராது. இந்த ஒரு சோதனையே அதே காட்டில் கூட நிற்கிற சில பெரிய மரங்களை வெட்டிடும். பலாவுக்குப் பால் உண்டு, அயினிக்குப் பால் உண்டு. பாலிங்கிற பலாக்குயம் மரத்துக்குப் பேரிலேயே பால் இருக்கு. இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் நாங்கு. அதோட இலைகள் எதிரெதிரா இருக்கும், தளிர் சிவப்பா வரும். அதனால அதையும் தள்ளிடலாம்.

அஞ்சாவது உச்சி. பைனாகுலர் இருந்தா கிளைகளைப் பாருங்க. இலையில்லாத கிளைப் பகுதியில் முடிச்சு முடிச்சா புடைப்புகள் தெரியும். வெடிப்பலா கிளை நுனியில் பூக்காது. அந்த முடிச்சுகளிலிருந்து கொத்துக் கொத்தா பூ வரும். பூவுக்கு இதழே கிடையாது. நாம இதழ்னு நினைக்கிற பகுதி சதைப்பிடிப்பான ஒரு குழாய். பூக்காலம் முடிஞ்சாலும் முடிச்சு அங்கேயே இருக்கும்.

பெயரில் பலா, உறவில் துரியன்

இப்போ அந்த மெயிலில் இருந்த கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லலாம். பலாவா, துரியனா?

பலாப்பழம் தனி ஒரு பழம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு பூங்கொத்து முழுக்கச் சேர்ந்து வீங்கி ஒரே பழம் மாதிரி ஆனதுதான் பலா. ஒவ்வொரு சுளையும் ஒரு தனிப் பூவிலிருந்து வந்தது. நாம சாப்பிடற மஞ்சள் சதை, அந்தப் பூவோட உறைப்பகுதி பெருத்தது. சுளைகளுக்கு நடுவுல நார் மாதிரி சடை சடையா வருமே, அதெல்லாம் கருவுறாமப் போன பூக்கள். வெளியே இருக்கிற ஒவ்வொரு முள் முனையும் ஒரு பூவோட நுனி.

வெடிப்பலா காய் அப்படி இல்லை. ஒரே ஒரு பூவிலிருந்து ஒரு காய். அது காய்ஞ்சதும் கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு வெடிக்கும். இந்த மாதிரி வெடிக்கிற காயை நீங்க வீட்டிலேயே பார்த்திருப்பீங்க. செடியில் முத்தவிட்ட வெண்டைக்காய் காய்ஞ்சு கோடு கோடா பிளக்கும். பருத்திக்காய் வெடிக்கும். இது தற்செயல் இல்லை. வெண்டை, பருத்தி, செம்பருத்தி, இலவம், சாக்லேட்டுக்கான கோக்கோ, துரியன், வெடிப்பலா எல்லாம் இன்றைய வகைப்பாட்டில் மால்வேசி என்ற ஒரே குடும்பம். பலா மொரேசி குடும்பம். ஆல், அரசு, அத்தி, மல்பெரி எல்லாம் அதுக்குச் சொந்தம். ஆக வெடிப்பலாவுக்குப் பலாவைவிட வெண்டைக்காய்தான் நெருங்கிய சொந்தம். அதைவிட நெருக்கம் துரியன்.

குன்னூர் பக்கம் பர்லியாறு தோட்டக்கலைப் பண்ணையில் துரியன் மரங்கள் இருக்கு. மலேசியா, சிங்கப்பூரில் இருக்கிற லிசனர்களுக்கு நான் அறிமுகமே செய்ய வேண்டாம். அந்தப் பழத்தில் நாம சாப்பிடறது எது? விதையைச் சுத்தி இருக்கிற கிரீம் மாதிரியான சதை. இதுக்குத் தாவரவியலில் பேரு ஏரில். விதையோட காம்புப் பக்கத்திலிருந்து வளர்ந்து விதையை மூடுகிற தசை. கொடுக்காப்புளியில் வெள்ளையா துவர்ப்பா தின்னுவோமே, அது ஏரில். ஜாதிக்காயைச் சுத்தி சிவப்பு வலை மாதிரி இருக்கிற ஜாதிபத்திரி, அதுவும் ஏரில்.

இப்போ வெடிப்பலாவோட அறிவியல் பெயரைத் திரும்பப் பாருங்க. எக்ஸ்-ஆரில்லாட்டா. லத்தீனில் 'ஏரில் இல்லாதது'. துரியனோட சொந்தக்காரன், ஆனா துரியனில் நாம சாப்பிடற பகுதியே இதுல இல்லை. அதனாலதான் இதைச் சந்தையில் பார்க்க முடியாது. ஒரே ஒரு வார்த்தையில் அந்த மரத்தோட முக்கியமான வித்தியாசத்தை எழுதி வச்சிருக்காங்க. ஆனா அந்த வார்த்தை வர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

119 ஆண்டுகள்

1840-களில் இலங்கையின் பேராதனைத் தோட்டத்துக்குப் பொறுப்பா இருந்தவர் ஜார்ஜ் கார்ட்னர். இலங்கை மழைக்காட்டில் கிடைத்த ஒரு முள்காய் மரத்தைத் துரியன் பேரினத்திலேயே சேர்த்து, இலங்கையின் பெயரையே அதற்கு வைத்தார்.

அதே காலத்தில் இந்தப் பக்கம் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர். கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணைகளைப் பார்த்துக்கிட்டே தென்னிந்தியத் தாவரங்களைப் பெரிய படத் தொகுப்பா வெளியிட்டவர். அவருக்குப் படம் வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். 1851-ல் வைட் இந்த மரத்தைத் துரியனிலிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கினார். திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் வில்லியம் கலென் நினைவாக அதற்குக் கலேனியா என்று பெயர் வைத்தார்.

அதுக்கப்புறம் ரொம்ப காலம், நம்ம மலையில் இருந்த மரமும் இலங்கை மரமும் ஒண்ணுதான்னு புத்தகங்களில் போய்க்கிட்டிருந்தது. ஒரே முள்காய், ஒரே மாதிரி வெள்ளி இலை. யாருக்கும் சந்தேகம் வரலை. 1970-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே ராபின்ஸ் கலேனியா பேரினம் முழுவதையும் மறுபரிசீலனை செய்தார். இலங்கை மரத்தின் விதையில் ஏரில் இருக்கு, இந்திய மரத்தில் இல்லை என்ற வித்தியாசத்தைப் பெயரிலேயே பதிச்சு, இந்திய மரத்தைத் தனி இனமாக்கினார். 1851-க்கும் 1970-க்கும் நடுவில் 119 ஆண்டுகள்.

இன்று பொதுவா மூணு இனங்கள்னு கணக்கு. ரெண்டு இலங்கையில் மட்டும், ஒண்ணு மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும். அதாவது 1970-க்கு முன்னாடி "ரெண்டு நாட்டில் இருக்கிற மரம்". அதுக்கப்புறம் "உலகத்திலேயே இந்த மலையில் மட்டும் இருக்கிற மரம்". காட்டில் ஒரு மரம்கூட மாறலை. யாரோ ஒருத்தர் விதையை உத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

உலர்ந்த ஒரு கிளை

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். பிரிச்சதும் பழைய பெயர் யாருக்குப் போகும்? இலங்கை மரத்துக்கா, நம்ம மரத்துக்கா?

விதி ரொம்பத் தெளிவு. ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயரை ஒரு குறிப்பிட்ட மாதிரியோட கட்டிடணும். பெரும்பாலும் அது பத்திரமா அழுத்திக் காய வச்சு, அட்டையில் ஒட்டி, எங்கே யார் எப்போ எடுத்தாங்கன்னு சீட்டு எழுதிய ஒரு கிளை. அதை மூல மாதிரின்னு சொல்லலாம். பிற்காலத்தில் எத்தனை சண்டை வந்தாலும், அந்தக் கிளை எந்த இனமோ, பெயர் அதுக்குத்தான். கார்ட்னரின் பெயர் இலங்கை மரத்தோட கட்டப்பட்டது. அதனால பெயர் இலங்கையிலேயே தங்கிடுச்சு, இந்திய மரத்துக்குப் புதுப் பெயர் தேவைப்பட்டது.

டேட்டாபேஸ் மொழியில் சொன்னா, அறிவியல் பெயர் பிரைமரி கீ மாதிரி. வெடிப்பலா, மலையாளத்தில் வெடிப்பிளாவு, இதெல்லாம் டிஸ்ப்ளே நேம். அதுக்காக ஊர்ப் பெயர் மட்டம்னு அர்த்தம் இல்லை. 'வெடி' என்ற ஒரு சொல், காய் எப்படித் திறக்குதுன்னு சொல்லிடுது. அது காட்டில் பார்த்துப் பழகினவங்க எழுதின விவரணை. 'பலா' மட்டும்தான் தோற்றத்தை வச்சு வந்த உவமை.

இன்னொரு தகவல். 1935-லிருந்து 2011 முடியும் வரை புதுத் தாவர இனத்துக்கு லத்தீனில் விவரணை எழுதணும்னு கட்டாயம் இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். எந்த மொழியா இருந்தாலும் விவரணையோட நோக்கம் ஒண்ணு: எழுதினவரைப் பார்க்காத ஒருத்தர், அந்த மரத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடியணும். "அழகான பெரிய மரம்"னு எழுதினா யாராலயும் சரிபார்க்க முடியாது. "விதையில் ஏரில் இல்லை"ன்னு எழுதினா முடியும்.

அந்த உலர்ந்த கிளைகளைப் பார்க்கணும்னா ரொம்ப தூரம் போக வேண்டாம். கோயம்புத்தூரில், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கு. அங்கே இருக்கும் உலர்தாவரத் தொகுப்புக்கு இன்னமும் பேரு மெட்ராஸ் ஹெர்பேரியம்.

ஆப் என்ன செய்யும்?

"இதெல்லாம் எதுக்கு, ஒரு ஆப் திறந்தா போதாதா?" என் ஃபிரெண்ட்ஸ் நிறைய பேர் கேட்கறது இது. ஆப் உண்மையிலேயே உதவும். ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா அதை இன்னும் நல்லா பயன்படுத்தலாம்.

பட அடையாள மாடல், ஏற்கனவே பெயர் போட்ட லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துக் கத்துக்கும். அதுல பலாவுக்கும் துரியனுக்கும் படம் குவிஞ்சு கிடக்கும். சந்தை, தோட்டம், சுற்றுலா, எல்லா இடத்திலும் எடுப்பாங்க. ஒரு மலைத்தொடரில் மட்டும், 30 மீட்டர் உயரத்தில் பூக்கிற மரத்துக்கு எத்தனை படம் இருக்கும்? படம் குறைஞ்சா மாடலுக்குப் பக்கத்துச் சொந்தக்காரர் பேரைச் சொல்லத்தான் தோணும்.

அதைவிடப் பெரிய விஷயம், நாம என்ன படம் கொடுக்கிறோம் என்பது. கீழே நின்னு மேலே பார்த்து எடுத்த பச்சைக் குடை படத்தில், நாம மேலே பேசின அஞ்சு அடையாளத்தில் ஒண்ணுகூட இருக்காது. மாடலால் இலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. காம்பை உடைச்சுப் பால் வருதான்னு சோதிக்க முடியாது. அது நம்ம வேலை.

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளங்களில் ஒரு பதிவு 'ஆய்வுத் தரம்' ஆகணும்னா, அடையாளம் சொன்னவர்களில் மூணில் ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போகணும். அதாவது ஆப் சொல்றது ஒரு முன்மொழிவு. மனுஷங்க சரிபார்த்தாதான் அது பதிவு. அவங்க சரிபார்க்க உங்க படத்தில் இலையோட அடிப்பக்கம் இருந்தாகணும்.

பெயர் தப்பானால் என்ன நஷ்டம்?

இது வெறும் குவிஸ் விளையாட்டு இல்லை. ஏன்னு சொல்றேன்.

ஆனைமலையிலிருந்து அகத்தியமலை வரை, சுமார் 700 மீட்டர் முதல் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு காட்டு வகைக்கே பெயர் கலேனியா, மெசுவா, பலாக்குயம் காடு. நம்ம வெடிப்பலா, நாங்கு, பாலி. இந்த மூணும்தான் அங்கே தூண்கள்.

அந்தத் தூணில் சாய்ஞ்சு வாழ்றவங்க நிறைய பேர். சிங்கவால் குரங்கு, அதாவது சோலைமந்தி, இந்த மரத்தோட சதைப்பிடிப்பான பூவையும் தின்னும், முள்காயைத் திறந்து விதையையும் தின்னும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் இல்லாத, அழியும் ஆபத்தில் இருக்கிற குரங்கு அது. மலை அணில், பறக்கும் அணில், மரநாய், வௌவால் எல்லாம் பூவைத் தேடி வரும். டி. கணேஷும் எம். சௌபத்ரா தேவியும் 2000-ல் வெளியிட்ட ஆய்வே இதைப் பத்தித்தான்: மரத்தில் வாழும் பாலூட்டிகள் இந்தப் பூக்களை எப்படிப் பயன்படுத்துது, அதுக்கும் மகரந்தச் சேர்க்கைக்கும் என்ன தொடர்பு. வெடிப்பலா இல்லாத இடத்திலும் சோலைமந்தி வாழும், கர்நாடகத்தின் சிர்சி பக்கக் காடுகள் அதுக்குச் சாட்சி. ஆனா நம்ம பக்கத்துக் காடுகளில் அதோட சாப்பாட்டுத் தட்டில் பெரிய பங்கு இந்த மரத்தோடது.

வால்பாறையில் அந்தக் காடு இப்போ தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் தீவுத் தீவாத்தான் இருக்கு. அந்தத் துண்டுகளை மீட்டெடுக்க நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2000-களின் தொடக்கத்திலிருந்து உள்ளூர் மழைக்காட்டு மரங்களின் விதையைச் சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து நடுது. இந்த வேலையில் முதல் படியே விதைக்குச் சரியான பெயர் எழுதறதுதான். வெடிப்பலா மாதிரி முதிர்ந்த காட்டு மரம் நிழலில் நிதானமா வளரும். இன்னிக்குத் தப்பான கன்றை வச்சா, தப்புன்னு தெரியவே பல வருஷம் ஆகும். அதுக்குள்ள அந்த இடம் போயிடும், அந்த வருஷங்களும் போயிடும்.

தெற்கே மாஞ்சோலையிலும் இதே கேள்வி வருது. அங்கே 1929-ல் தொடங்கிய 99 ஆண்டு குத்தகை 2028-ல் முடியுது. தலைமுறைகளா அங்கே உழைச்ச தொழிலாளர் குடும்பங்களோட வாழ்வாதாரம் பெரிய விஷயம், அதுக்குத் தனி எபிசோடே வேணும். கூடவே, தேயிலை இருந்த சரிவில் அடுத்து எந்த மரம் வரும் என்ற கேள்வியும் இருக்கு. "காடு வளர்க்கிறோம்"னு பொதுவா சொன்னா அதைச் சரிபார்க்க வழியில்லை. எந்த மரம், எந்த உயரத்தில், எந்த விதையிலிருந்துன்னு பெயரோட எழுதினா யார் வேணும்னாலும் போய்ப் பார்த்துக் கேட்கலாம்.

நீங்க எழுத வேண்டிய குறிப்பு

அடுத்த தடவை மலைக்குப் போகும்போது, ஒரே ஒரு மரத்துக்கு இதைச் செஞ்சு பாருங்க. பத்து நிமிஷம் போதும்.

இடமும் உயரமும். போனில் வந்துடும்.

தரையில் என்ன கிடந்தது, மரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில்.

அடிமரம்: பலகை வேர் உண்டா, பட்டை நிறம் என்ன, உரியுதா.

இலை: தனியா கூட்டிலையா, எதிரெதிரா மாறி மாறியா. மேல் பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வச்சு எடுங்க, அளவு தெரியும்.

விழுந்த இலையின் காம்பை உடைச்சா பால் வந்ததா. புது இலையா இருந்தாதான் இதை நம்பலாம், காய்ஞ்ச இலை எதையும் சொல்லாது.

கடைசியா, எதைப் பார்க்க முடியலைன்னு எழுதுங்க. "பூ இல்லை, காய் திறக்கலை, விதை பார்க்கலை." இந்த வரியைத்தான் நிறைய பேர் விட்டுடுவாங்க. ஆனா அடுத்து அந்த மரத்துக்குப் போறவங்களுக்கு அதுதான் வழிகாட்டி. எதைத் தேடணும்னு அவங்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் எழுதின பிறகு பெயரைப் போடுங்க. பெயர் தெரியலைன்னா காலியா விடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது. நல்ல குறிப்பு இருந்தா பெயரை யார் வேணும்னாலும், எத்தனை வருஷம் கழிச்சு வேணும்னாலும் சேர்க்கலாம். பெயர் மட்டும் இருந்து குறிப்பு இல்லைன்னா, அது சரியா தப்பான்னு யாராலும் சொல்ல முடியாது.

இன்னிக்கு அவ்வளவுதான். உங்க குறிப்புகளை அனுப்புங்க, இலையோட அடிப்பக்கப் படத்தோட. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.